இடம் மாறிய இகரம்: ஒரு திஸ்கிக் கோப்பின் சான்று

தமிழ்க் கணிமையின் வரலாற்றைப் பேசுவோரிடையே ஒரு வாசிப்பு ஊறிப்போயிருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் குறியேற்றங்களை முன்வைத்தது. தமிழக அரசு அவற்றை ஏற்றது. தன்னார்வலர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கிய திஸ்கி, வெளிநாட்டுத் தமிழரின் புழக்கத்தோடு நின்றுபோனது. விண்டோஸும் மாக்கும் லினக்ஸும் ஒரே தமிழைப் படித்தது யூனிகோடு வந்த பிறகுதான். இதுவே அந்த வாசிப்பு. அரசின் முடிவைப் பற்றிய பகுதியில் எனக்குப் பிணக்கில்லை. மற்ற இரண்டும் பிழை என்பதே என் வாதம்.

வைகைக் கரையிலுள்ள சமயநல்லூரில் தட்டச்சுப் பயிலகத்தோடு கணினி மையமும் நடத்தியவர் ஒருவர், தம் பழைய ஃபிளாப்பிகளை என்னிடம் கொடுத்தார். பதினொன்று படிக்கவே முடியவில்லை. பன்னிரண்டாவதில் ஒரே ஒரு உரைக்கோப்பு: கோயில் விழா அழைப்பிதழின் வரைவு. இன்றைய கணினியில் திஸ்கி எழுத்துருவோடு திறந்தால் ‘இடம்: சமயநல்லூர்’ என்று இருக்க வேண்டியது ‘டம்: சமயநல்லூர்’ என்று நிற்கிறது.

இகரம் தொலையவில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பைட் பைட்டாகப் பார்த்தால் 173 என்ற எண் அங்கே இருக்கிறது. திஸ்கி 1.6இல் இகரத்தின் இடம் அது. விண்டோஸின் ஆங்கிலக் குறியேற்றத்திலோ 173 என்பது வரி முடிவில் மட்டும் தலைகாட்டும் மென்கோடு. வரியின் நடுவில் வந்தால் பல மென்பொருள்கள் அதை விழுங்கிவிடும். அதனால்தான் 1.7 பதிப்பில் இகரத்துக்கு 254ஆம் இடம் கிடைத்தது. விண்டோஸில் அது ஐஸ்லாந்து மொழியின் எழுத்து ஒன்றுக்குரிய எண். அதை எந்த மென்பொருளும் மறைப்பதில்லை. மாக்கின் ரோமன் குறியேற்றத்தில் மென்கோடும் இல்லை, அந்த ஐஸ்லாந்து எழுத்தும் இல்லை. எனவே இந்த இடமாற்றத்தால் மாக்குக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு தளத்தின் நோயைத் தீர்க்க, இன்னொரு தளத்தைக் காயப்படுத்தாத இடமாகத் தேடியிருக்கிறார்கள் என்றே இதைப் படிக்கிறேன். எழுத்துரு அழகு பார்த்துச் செய்த வேலை அல்ல இது.

கோப்பில் இகரம் ஐந்து முறை வருகிறது. நான்கு 173, கடைசி வரியின் ‘இங்ஙனம்’ மட்டும் 254. யாரோ பிழை திருத்தியதன் தடம் என்று கொள்ளலாம் என்பார்கள். திருத்தியவர் நான்கை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் ஏன் தொட வேண்டும்? வரைவு ஒரு கணினியில் தொடங்கி, புதிய பதிப்பு நிறுவிய வேறொரு கணினியில் முடிந்திருக்க வேண்டும். ஒற்றைக் கோப்பை வைத்து ஊர் முழுதும் திஸ்கி புழங்கியது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வைகைக் கரையில் ஒரு கோயில் அழைப்பிதழுக்கு, அதுவும் இரண்டு பதிப்புகளில், அது பயன்பட்டிருக்கிறது. வெளிநாட்டோடு நின்றது என்ற கூற்றை அசைக்க இது போதும்.

யூனிகோடு பற்றிய கூற்றுக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. விண்டோஸ் 2000 லதா என்ற யூனிகோடு எழுத்துருவோடு வந்தது. மாக் ஓஎஸ் 10.4, முத்து நெடுமாறனின் இணைமதியோடு வந்தது 2005இல். இடைப்பட்ட ஆண்டுகளில் தளம் விட்டுத் தளம் தமிழைச் சுமந்ததில் திஸ்கிக்குப் பெரும் பங்குண்டு. தமிழ் நூல்களை மின்வடிவில் தரும், லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் வழிநடத்திய மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது. 1999 முதல் திஸ்கியில் நூல்களைத் தந்தது. 2004இல்தான் யூனிகோடையும் சேர்த்துக்கொண்டது. அவருடைய மயிலை எழுத்துரு அதற்கும் முன்பே விண்டோஸ், மாக், யூனிக்ஸ் மூன்றுக்கும் இலவசமாகக் கிடைத்தது.

யூனிகோடிலும் எல்லாம் ஒழுங்காகிவிடவில்லை. அழைப்பிதழின் தலைப்பில் உள்ள ‘ஸ்ரீ’ திஸ்கியில் ஒரே எண். யூனிகோடு 4.1 (2005) ‘ஶ’ எழுத்தைச் சேர்த்த பிறகு அதே வடிவத்தை ஸகரத்தாலும் எழுதலாம், ஶகரத்தாலும் எழுதலாம். பார்வைக்கு வேறுபாடில்லை; தேடினால் ஒன்றுக்கு மற்றொன்று அகப்படாது.

கோப்பின் காலத்தை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. வரைவில் விழா நாளுக்குரிய இடத்தில் வெறும் புள்ளிகள். ஃபிளாப்பி காட்டும் தேதி 1-1-1980. அது டாஸ் கணக்கின் முதல் நாள். கணினியின் உள் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் போய் நிற்கும் இடம். 254 இருப்பதால் 1.7க்குப் பிந்தியது என்பது மட்டும் திண்ணம். பின்னெல்லையாக, மாக் ஓஎஸ் 10.4 வந்த 2005ஐக் கொள்ள ஆசை உண்டு. அதற்குக் கோப்பில் ஆதாரம் இல்லை.