வீட்டுக் காரைப் பணயம் வைத்தல்: சோழவரம் முதல் செட்டிபாளையம் வரை

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் கார் என்பது ஊர்ந்து செல்லும் பொருள். நகரப் பேருந்துகள் திரும்பும் இடம், பத்மநாபசாமி கோயிலுக்குச் செல்வோர் இறங்கும் இடம், சாலைக் கடைவீதியின் சுமைவண்டிகள் நுழையும் இடம் எல்லாம் அதுவே. அங்கு வசிக்கும் ஒருவர் தாம் நாள்தோறும் ஓட்டும் காரின் முழுத் திறனையும் சட்டத்துக்கு உட்பட்டு அறிய விரும்பினால், மாநிலத்தை விட்டே வெளியேற வேண்டும். கேரளத்தில் கார்களுக்கான நிலையான தார்ப் பந்தயத் தடம் இல்லை. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையம் ஏறத்தாழ 400 கி.மீ. தொலைவிலும், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஏறத்தாழ 750 கி.மீ. தொலைவிலும் உள்ளன. எந்தக் காரில் சென்றாரோ அந்தக் காரிலேயே தடத்தில் ஓட வேண்டும். அதிலேயே ஊர் திரும்பவும் வேண்டும். திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கும் அதுவே வண்டி.

'டிராக் டே' என இன்று வழங்கும் இந்நிகழ்வு போட்டி அன்று. கட்டணம் செலுத்தியவர், தலைக்கவசம் அணிந்து, தமக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் தடத்தைச் சுற்றி வரலாம். முதலிடமும் இல்லை, பரிசும் இல்லை. தமிழில் 'பந்தயம்' என்னும் சொல் இரு பொருள் தருவது: ஓட்டப் போட்டி ஒன்று, போட்டியில் வைக்கப்படும் பணயம் மற்றொன்று. டிராக் டேயில் முதற்பொருள் நீங்கிவிடுகிறது. இரண்டாம் பொருள் எஞ்சி நிற்கிறது. பணயமாக வைக்கப்படுவது வீட்டின் ஒரே கார். அண்மையில் மேலைநாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்காகவே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் தென்னிந்திய மோட்டார் பந்தயத்தின் தொடக்க வடிவமே வீட்டுக் காரைத் தடத்துக்குக் கொண்டு செல்வதுதான் என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

பொதுமக்கள் தம் வண்டியைத் தடத்தில் ஓட்டும் வழக்கம் ஐரோப்பாவில் பழையது. 1920களின் வேலையின்மைக்கு நிவாரணப் பணியாகவும் கட்டப்பட்ட ஜெர்மனியின் நூர்பர்க்ரிங், 1927இல் திறக்கப்பட்டது முதல் பந்தயம் இல்லாத வேளைகளில் சுங்கம் செலுத்தும் எவருக்கும் வழிவிட்டது. இங்கிலாந்தில் இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் விமானப்படை கைவிட்ட ஓடுதளங்கள் பந்தயத் தடங்களாயின. சில்வர்ஸ்டோனும் குட்வுட்டும் 1948இல் அவ்வாறு உருவானவை. தடம் கட்டப் பணம் இல்லாத காலத்தில், போர் விட்டுச் சென்ற கான்கிரீட்டே மூலதனமாயிற்று.

இந்தியாவிலும் அதுவே நிகழ்ந்தது. கல்கத்தாவுக்கு அருகே பாரக்பூர், பம்பாயில் ஜுஹு, சென்னைக்கு வடக்கே சோழவரம் என விமான ஓடுதளங்களே முதல் தடங்கள். 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. 1950களிலிருந்து 1980களின் இறுதி வரை சோழவரமே தென்னகப் பந்தயத்தின் தலைமை இடமாக விளங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைந்த அவ்வோடுதளம் விமானத்துக்கானது. கார் திரும்புவதற்கான வளைவுகள் அதில் இயல்பாக இல்லை. நீண்ட நேர்பாதையில் முழுவேகம், அதன் முடிவில் கடும் பிரேக், கூர்மையான திருப்பம், மீண்டும் நேர்பாதை என்பதே அத்தகைய தடத்தின் இலக்கணம். அங்கு ஒரு காரின் எஞ்சினைவிட அதன் பிரேக்கே முதலில் சோதனைக்கு உள்ளாகும்.

அதே ஆண்டு, 1953இல், மத்திய அரசின் சுங்கவரி ஆணையம் அளித்த அறிக்கை இந்தியக் கார்ச் சந்தையின் போக்கை முடிவு செய்தது. உள்நாட்டில் படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாமல், வெளிநாட்டு உதிரிகளை வெறுமனே பொருத்தி விற்கும் நிறுவனங்களுக்கு இனி இடமில்லை என்றாயிற்று. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு, கார் வாங்க எண்ணியவருக்கு இருந்த தெரிவுகள் மூன்று: உத்தர்பாராவின் அம்பாசிடர் (1,489 சிசி), பம்பாயின் ஃபியட் (1,089 சிசி), சென்னையின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் (முதலில் 948 சிசி). அவற்றைப் பெறவும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

எனவே சோழவரத்தில் ஓடிய கார்களில் பெரும்பகுதி இந்த மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவையே. வெளிநாட்டுப் பந்தயக் கார்களைத் தருவிக்க முடிந்த அரச குடும்பத்தினரும் தொழிலதிபர்களும் இருந்தனர். 1980களில் விஜய் மல்லையா அங்கு ஓட்டிய என்சைன், முன்பு ஃபார்முலா ஒன்றில் ஓடிய வகையைச் சேர்ந்தது. செய்தித்தாள்களின் படங்கள் அவற்றையே நாடின. ஆனால் நாள் முழுவதும் நடந்த போட்டிகளை நிரப்பியவை, மறுநாள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லக்கூடிய கார்களும், இளைஞர்களின் மோட்டார் சைக்கிள்களுமே. 'குறைந்த செலவில் அன்றாடக் கார்' என்பது அக்காலத்தில் ஒருவர் தேர்ந்து மேற்கொண்ட கொள்கை அன்று. மூடிய பொருளாதாரம் அனைவர்மீதும் சுமத்திய பொது நிலை அது.

அந்நிலைக்குள்ளேயே ஒரு தொழில்நுட்ப அறிவு வளர்ந்தது. காரை மாற்ற முடியாதபோது காரைக் குறைக்கலாம்: பின் இருக்கை, பம்பர், தரைவிரிப்பு எனக் கழற்றியவை ஒவ்வொன்றும் எடையைக் குறைத்தன. சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைக் கடைந்து அழுத்த விகிதத்தைக் கூட்டலாம். கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றலாம். பிரேக்கில்தான் தடை. அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் அந்நாளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். வேகம் இருமடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். 1,000 கிலோ எடையுள்ள கார் 120 கி.மீ. வேகத்திலிருந்து 60 கி.மீ. வேகத்துக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 400 கிலோஜூல் ஆற்றல் பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. டிரம் சூடேறி விரிய, உள்ளிருக்கும் ஷூ அதை எட்டிப் பிடிக்க மேலும் தொலைவு செல்ல வேண்டும். லைனிங்கின் பிடிமானமும் குறையும். சில சுற்றுகளில் மிதி தரையைத் தொடும். அக்கார்களை ஓட்டியவர் பிரேக்கைச் சேமித்து ஓட்டக் கற்றே ஆக வேண்டியிருந்தது. சிக்கனம் இங்குப் பணத்தைப் பற்றியது மட்டுமன்று, ஓட்டும் முறையும் ஆயிற்று.

இக்கணக்கில் டயருக்குத் தனியிடம் உண்டு. தடத்தில் மிக விரைவாகத் தேய்ந்து தீரும் பொருள் அது. அதன் வரலாற்றின் ஒரு நுனி திருவனந்தபுரத்தில் உள்ளது. 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசு தன் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில், திவான் சி. பி. ராமசாமி ஐயர் காலத்தில், திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் வங்கி மூடப்பட்டது. அவ்வங்கியின் தலைவர்களுள் ஒருவரான கே. சி. மாம்மன் மாப்பிள்ளை சிறை சென்றார். குடும்பம் செல்வத்தை இழந்தது. அப்போது சென்னையில் மாணவராக இருந்த அவர் மகன் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை, 1946இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யும் சிறு கொட்டகையைத் தொடங்கினார். அதுவே மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரியாக வளர்ந்து, 1960களில் டயர் உற்பத்தியில் இறங்கி, பின்னாளில் ரேலிகளுக்கும் தடப் பந்தயங்களுக்கும் பெரும் புரவலராயிற்று. வங்கி மூடப்பட்டதற்கும் பந்தயத்துக்கும் நேரடித் தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் தென்னிந்தியப் பந்தயத்தின் பொருளியல், அரசவைகளின் கேளிக்கையிலிருந்து ஆலைகளின் விளம்பரச் செலவுக்கு மாறிய தடத்தை இக்குடும்பத்தின் கதையில் தெளிவாகக் காணலாம்.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 அடுத்த திருப்பம். 796 சிசி, மூன்று சிலிண்டர். எடை குறைந்த, நம்பத்தக்க எஞ்சின். உதிரிபாகம் விரைவில் எங்கும் கிடைக்கலாயிற்று. இதைக் கண்டு கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் எடுத்த முடிவு இவ்வரலாற்றின் மையமாகக் கருதத்தக்கது. அவர் மாருதி காரைத் தடத்துக்குக் கொண்டு செல்லவில்லை. அதன் எஞ்சினை மட்டும் எடுத்து, ஒற்றை இருக்கையுள்ள எளிய பந்தயக் காரில் பொருத்தினார். அதுவே ஃபார்முலா மாருதி. பஞ்சாலைகளும் வார்ப்பாலைகளும் பம்புத் தொழிற்சாலைகளும் நிறைந்த நகரில் சட்டகம் பற்றவைக்கவும் உதிரி கடையவும் கைகள் இருந்தன. 1920இலேயே பொள்ளாச்சி–பழனி வழித்தடத்தில் ஒரு பேருந்துடன் தொடங்கிப் பெரும் போக்குவரத்து நிறுவனத்தைக் கட்டிய ஜி. டி. நாயுடுவின் ஊர் அது.

கரிவரதனின் தீர்வைப் பொறியியலாக மட்டும் பார்த்தால் அதன் சமூகப் பொருள் தவறிவிடும். அவர் பணயத்தைப் பிரித்தார். அன்றாடக் காரின் மலிவும் பழுதுபார்க்கும் எளிமையும் தடத்துக்கு வந்தன. அன்றாடக் கார் வீட்டிலேயே நின்றது. வண்டி நொறுங்கினாலும் குடும்பத்தின் நடமாட்டம் முடங்காது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளமுள்ள நிலையான தடம் திறக்கப்பட்டபின், புதிய தலைமுறை இவ்வகைக் கார்களில்தான் கற்றது. நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் அங்கு ஃபார்முலா மாருதியில் நடந்தது. 2005இல் அவர் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் ஏறத்தாழ 2.1 கி.மீ. நீளமுள்ள தடம் அவர் பெயரால் கரி மோட்டார் ஸ்பீட்வே என வழங்குகிறது.

இன்று கிழக்கேகோட்டையிலிருந்து செட்டிபாளையம் செல்பவர், கரிவரதன் பிரித்து வைத்ததை மீண்டும் ஒன்று சேர்க்கிறார். முழு வீட்டுக் காரும் தடத்துக்கு வருகிறது. அதற்குக் காரணங்கள் உண்டு. தாராளமயத்துக்குப் பிந்தைய சிறு கார்கள் முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் ரேடியல் டயரும் கொண்டவை. சோழவரத்து ஃபியட்டைவிடப் பன்மடங்கு தாங்கக்கூடியவை. பழைய கார்ச் சந்தையும் விரிந்துள்ளது. செலவைக் குறைக்கும் வழிகளும் எளியவை. எஞ்சினில் பணம் கொட்டுவதற்குமுன் பிரேக் ஆயிலை மாற்றுவதே அறிவுடைமை. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சியபின் அது 140 வரை இறங்கலாம். டாட் 4இல் இவை முறையே 230, 155. கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழ் தோன்றினால் மிதி வெறுமையாக இறங்கும். நான்கைந்து வேகச் சுற்றுகளுக்குப்பின் ஒரு சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிடுவதற்குச் செலவே இல்லை. அம்பாசிடர் காலத்தவர் கட்டாயத்தால் கற்றதை இவர் விருப்பத்தால் கற்கிறார்.

ஆயினும் பணயத்தின் அளவு குறையவில்லை. இந்தியாவில் தனியார் கார்களுக்கான காப்பீட்டுப் பத்திரம், ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றைத் தன் பாதுகாப்பிலிருந்து விலக்குகிறது. தடத்தில் நேரும் சேதத்துக்கு அந்தப் பத்திரத்தை நம்ப முடியாது. மறுபுறம், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு பொது இடங்களில் அரசின் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவதைத் தண்டிக்கிறது. 2019 திருத்தம் முதற் குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என உயர்த்தியது. அத்தடை நியாயமானதே; சாலையில் நடப்பவர் எவரும் பிறர் பந்தயத்துக்குப் பணயமாக இசைந்தவர் அல்லர். ஆனால் சாலையில் ஓட்டாதே என்று கூறும் சமூகம், ஓட்டத் தகுந்த இடத்தை எவ்வளவு தொலைவில் வைத்துள்ளது என்பதும் கேட்கத்தக்க கேள்வி. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகள் தற்காலிகத் தடமாகி, இரவில் ஃபார்முலா 4 கார்கள் ஓடின. மக்கள் காண ஒரு தடத்தை நகரின் நடுவிலேயே அமைக்க முடிகிறது. மக்களே ஓட்டுவதற்கான தடமோ சில நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

இந்தியப் பந்தய வரலாறு இதுவரை பெரும்பாலும் வெற்றியாளர் வரலாறாகவே சொல்லப்பட்டுள்ளது. கோப்பை வென்றோர், வெளிநாட்டுக் கார் தருவித்தோர், ஃபார்முலா ஒன்றை எட்டியோர் ஆகியோரின் பெயர்கள் அதில் நிற்கின்றன. அவ்வரலாற்றைச் செலவின் பக்கத்திலிருந்தும் எழுத வேண்டும்: பட்டறை ரசீதுகள், காப்பீட்டு விதிகள், டயர்க் கணக்குகள், உரிமக் காத்திருப்புப் பட்டியல்கள் ஆகியவற்றிலிருந்து. அப்போது சோழவரத்தின் ஃபியட்டும் ஃபார்முலா மாருதியும் இன்றைய டிராக் டேயும் ஒரே வினாவுக்குக் கிடைத்த மூன்று விடைகளாகத் தெரியும்: ஒரே ஒரு கார் உள்ள குடும்பம் வேகத்தை எவ்வாறு அறிவது? முதல் விடையில் முழுக் காரும் பணயம். இரண்டாம் விடையில் எஞ்சின் மட்டும் போதும். மூன்றாவதில் மீண்டும் முழுக் கார். செட்டிபாளையத்தில் ஞாயிறு மாலை டயரின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, பிரேக் ஆறியதா எனக் கவனித்து, பாலக்காட்டுக் கணவாய் வழியே தெற்கு நோக்கித் திரும்பும் கார், அந்த மூன்றாம் விடையோடுதான் கிழக்கேகோட்டைக்கு வந்து சேர்கிறது.