தட்டோட்டின் கீழ் மூன்று அங்குலம்

மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது என்றாலே இன்று மின்விசிறி, ஏசி ஆகியவற்றின் நட்சத்திரக் குறியிலிருந்துதான் பேச்சு தொடங்குகிறது. தமிழ்நாட்டுக் கட்டடங்களைப் பொறுத்தவரை அது மொட்டைமாடியிலிருந்து தொடங்க வேண்டும். உச்சி வெயிலை நேராக வாங்குவது சுவரல்ல, கூரை. சிமென்ட் பரவுவதற்கு முன் வசதியான வீடுகளிலும் அரசு அலுவலகங்களிலும் இருந்தது 'மெட்ராஸ் டெரஸ்' என்ற தளம். தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வரிசைப்படுத்தி, மேலே மெல்லிய செங்கற்களைக் கோணவாட்டில் நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் இறுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை, மூன்று அங்குலக் கனத்துக்கு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்தபடி மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். ஓங்கிய கட்டை தளத்தில் பதியாமல் எகிற வேண்டும். அதுவரை கை ஓயாது. பிறகுதான் தட்டோடு பதிப்பார்கள்.

1904-இல் சென்னையில் ஒரு சிமென்ட் ஆலை கடற்சிப்பியை மூலப்பொருளாக வைத்துத் தொடங்கி, நிலைக்காமல் போயிற்று. 1914-இல் போர்பந்தர் ஆலை வந்த பிறகே இந்திய சிமென்ட் காலூன்றியது. மெல்ல மெல்லத் தேக்குக் கட்டையின் இடத்தைக் கம்பியும் கான்கிரீட்டும் பிடித்தன. ஆனால் பழைய தளத்தின் மேல்பாதி உயிர் பிழைத்தது. கான்கிரீட்டின் மேல் 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கூடாது, 75 மில்லிமீட்டர் கனம், மேலே தட்டோடு என்று அது பொதுப்பணித்துறையின் கணக்கிலும் கொத்தனார்களின் கைப்பழக்கத்திலும் தொடர்ந்தது. 'வெதரிங் கோர்ஸ்' என்பது அதன் பெயர்.

இது மழை ஒழுகாமல் இருக்கப் போட்டதுதானே, வெப்பத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, அதன் விடையில்தான் நாம் செய்த பிழையும் இருக்கிறது. மழைக்கென்று போட்டதால், ஒழுகலைத் தடுக்கும் ரசாயனப் பூச்சுகள் வந்ததும் இந்த அடுக்கு வீண்செலவாகத் தெரிந்தது. சின்ன வீடுகளிலும் கடைகளிலும் முதலில் வெட்டுப்பட்டது இதுதான். அது சத்தமில்லாமல் செய்துவந்த இன்னொரு வேலையை யாரும் கணக்கில் எழுதவில்லை. செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பைவிடக் கான்கிரீட் ஏறத்தாழ இரண்டு மடங்கு வெப்பத்தைக் கடத்தும். நான்கு அங்குல வெறும் கான்கிரீட் தளம், ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 3.4 வாட் வெப்பத்தை உள்ளே விடும். ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் சேர்ந்தால் அது சுமார் 2.4-ஆக இறங்கும். அந்த வித்தியாசத்தைத்தான் அக்னி நட்சத்திரத்தில் மின்கட்டணமாகக் கட்டுகிறோம்.

2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த வீட்டுக் கட்டட விதி கூரைக்கு வைத்த வரம்பு 1.2. பழைய முறை மட்டும் அதை எட்டாது என்பது உண்மை. எட்டும் என்று சொல்வது பழம்பெருமைதான். இன்றைய காப்புப் பலகையும் அதோடு சேர வேண்டும். கனமான தளம் பகலில் வாங்கிய சூட்டை இரவில் இறக்கும் என்பதும் சரியே. அந்த நாளில் மாடியில் பாய் விரித்துப் படுத்ததற்கு அது ஒரு காரணம். ஆனால் பள்ளிக்கூடம், தாலுகா அலுவலகம், நூலகம் எல்லாம் பகலில் இயங்குபவை. சூடு மாலைவரை தாமதித்து இறங்குவது அவற்றுக்கு லாபம். எடை ஒரு மெய்யான தடை. சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் கூடுவதால், பொறியாளர் பார்க்காமல் பழைய கட்டடத்தில் ஏற்றக் கூடாது. அங்கே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடாவது, வருடா வருடம் அடிக்கும் சுண்ணாம்பாவது போதும்.

புதிதாகக் கட்டுபவர்கள் மதிப்பீட்டுத் தாளில் அந்த மூன்று அங்குல வரியை அடித்துவிடாதீர்கள். வெறும் கான்கிரீட்டின் கீழ் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பறைகளுக்கு, அடுத்த சித்திரைக்குள் மாடியில் வெள்ளையாவது அடித்துக் கொடுங்கள்.