டிக்கி எந்தப் பக்கம் திறக்கிறது?

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் எந்த மெக்கானிக் கடைக்குப் போனாலும் காரின் பின்பகுதிக்கு ஒரே பேர்தான். அம்பாசிடரோ, முப்பது லட்ச ரூபாய் எஸ்யூவியோ, "டிக்கியத் தொற சார்" என்பார்கள். டெயில்கேட் என்ற சொல் ஷோரூமோடு சரி.

டிக்கி வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன சொல். குதிரை வண்டியின் பின்னால் வேலைக்காரர் உட்காரும் இருக்கைக்கு அந்தப் பெயர் இருந்தது. மோட்டார் வந்த பிறகு, 1920களிலும் 30களிலும் இரண்டு பேர் போகும் கார்களின் வாலில் ஒரு மூடி வைத்தார்கள். கீல் அடியில். பின்பக்கமாகச் சாய்த்துத் திறந்தால் மூடியே முதுகு சாய்க்கும் பலகையாகிவிடும். வெயிலும் மழையும் தூசியும் அங்கே உட்காருபவர் பாடு. அதே மூடியின் கீலை மேலே வைத்தால் ஆள் உட்கார வழியில்லை, பெட்டிதான் வைக்கலாம். ஆளா, சாமானா என்பதை ஒரு கீல் முடிவு செய்திருக்கிறது. நம் ஊரில் அந்தக் கேள்வி ரொம்ப நாள் முடியாமல் கிடந்தது.

போர்க்கால வில்லிஸ் ஜீப்புக்குப் பின்கதவே கிடையாது. 1945இல் விவசாயிகளுக்கென்று விற்ற சிஜே-2ஏ மாடலில்தான் கீழ்நோக்கி விழும் பலகை வந்தது. மகிந்திரா 1940களின் இறுதியில் இங்கே பூட்ட ஆரம்பித்த ஜீப் வரிசையிலும் அதே பலகை, இரண்டு பக்கமும் சங்கிலி. நாம் அதை மூட்டை ஏற்றுவதற்கா வைத்துக்கொண்டோம்? மிதித்து ஏறும் படியாக்கினோம். 1994இல் டாடா சுமோ வந்தபோது பின்கதவு பக்கவாட்டில் திறந்தது. உள்ளே எதிரெதிராக இரண்டு பெஞ்சு. மேலே தூக்கும் கதவாக இருந்திருந்தால் உள்ளே உட்கார்ந்தவர் அதை இழுத்துச் சாத்தவே முடியாது. கல்யாணத்துக்குப் போகிற வண்டியில் பின்னால் நாலு பொடிசுகள் முட்டி இடிக்க உட்கார்ந்து வந்ததெல்லாம் அந்தப் பக்கக் கீலின் புண்ணியம்.

பக்கக் கதவு என்றதும் அடுத்த கேள்வி: எந்தப் பக்கம்? எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆவடியைத் தாண்டி சி.டி.எச். ரோட்டில் மேற்கே போனால் திருவள்ளூர். 1998 முதல் அங்கே இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி கார்களைத் தயாரித்தது. அந்தப் பெயரில் வந்த பஜேரோவின் பின்கதவுக்கு வலப்பக்கம் கீல், இடப்பக்கம் கைப்பிடி. ஜப்பானிலும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். வண்டியை இடது ஓரமாக நிறுத்தினால் நடைபாதையிலிருந்தபடியே கதவைத் திறந்து பையை எடுக்கலாம்.

இனி நெமிலிச்சேரியில் அவுட்டர் ரிங் ரோடு ஏறித் தெற்கே வண்டலூர் வாருங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரத்தில் மறைமலை நகர். அங்கே ஃபோர்டு 2013 முதல் எக்கோஸ்போர்ட் தயாரித்தது. ஸ்டெப்னி பின்கதவில் தொங்கும். (ஸ்டெப்னியும் இப்படி ஒரு சொல்தான். வேல்ஸில் லானெல்லி ஊரின் ஒரு தெருப்பெயர். 1904இல் அங்கே செய்த மாற்றுச் சக்கரத்தின் பெயர் நம் வாயில் ஒட்டிக்கொண்டது.) கதவின் கைப்பிடி வலது டெயில் லைட்டுக்குள் ஒளிந்திருக்கும், புதிதாகப் பார்க்கிறவர் தடவித் தடவித் தேடுவார். கீல் இடப்பக்கம். காரணம், இந்த வண்டி பிரேசிலில் வரையப்பட்டது. அங்கே வலப்பக்கம் ஓட்டி வலது ஓரமாக நிறுத்துவார்கள். நம் தெருவில் இடது ஓரமாக நிறுத்தினால் திறந்த கதவு நடைபாதைக்கும் நமக்கும் நடுவே சுவராக நிற்கும். சாமான் எடுக்க ரோட்டுப் பக்கம்தான் போக வேண்டும். அதாவது லாரியும் ஷேர் ஆட்டோவும் உரசிப் போகிற பக்கம்.

அமெரிக்கர்களுக்கு இதே தொல்லை கண்ணாடிப் பிம்பமாக நேர்ந்தது. ஜப்பானில் வரைந்த டொயோட்டா ராவ்4 அங்கே போனபோது வலது கீல் அவர்களின் நடைபாதையை மறைத்தது. புலம்பிப் புலம்பி, 2013 மாடலில் கதவு மேலே தூக்குவதாக மாறியது. எக்கோஸ்போர்ட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2021இல் ஸ்டெப்னியைக் கழற்றிய ஒரு வகை வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது.

மேலே தூக்கும் கதவுக்கு வருவோம். அதைத் தாங்குவது நைட்ரஜன் அடைத்த இரண்டு குழாய்கள், கடைக்காரர் மொழியில் டிக்கி ஷாக். வயசானால் கதவு தலையில் இறங்கும். திறக்கும் முறையும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் சாவி, பிறகு டிரைவர் சீட் பக்கத்து லீவரும் அதிலிருந்து ஓடும் கேபிளும், பிறகு நம்பர் பிளேட்டுக்கு மேலே ரப்பர் பட்டன். இப்போது மோட்டார். பம்பருக்கு அடியில் காலை ஆட்டினால் திறப்பது, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று விநாடி பின்னால் நின்றால் திறப்பது. இரண்டு கையிலும் அரிசி மூட்டை வைத்திருப்பவருக்கு உண்மையிலேயே உபகாரம்தான், கிண்டல் செய்ய மாட்டேன்.

ஆனால் இந்த வரிசையில் சத்தமில்லாமல் காணாமல் போனது சாவித் துவாரம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கொரட்டூர், அம்பத்தூர் எல்லாம் தண்ணீர். எங்கள் தெருவில் ஒரு எஸ்யூவி இரண்டு நாள் முழங்கால் தண்ணீரில் நின்று பேட்டரி செத்துவிட்டது. டிக்கிக்குள் அந்த வீட்டுப் பாட்டியின் சக்கர நாற்காலி. படகு வந்தால் அவரைத் தூக்கிக்கொண்டு போக அது வேண்டும். ரிமோட்டுக்குள் இருந்த இரும்புச் சாவியால் முன்கதவு திறந்தது. பின்கதவில் சாவி போட இடமே இல்லை. எலெக்ட்ரீஷியன் பையன் பின்சீட்டைத் தாண்டி ஊர்ந்துபோய், செல்போன் வெளிச்சத்தில் கதவின் உட்புறத்தைத் தடவினான்.

"அண்ணே, இங்க ஒரு சின்ன மூடி இருக்குது. ஸ்க்ரூடிரைவர் குடு."

நெம்பியதும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாக்கு. தள்ளியதும் பூட்டு விட்டது. மோட்டார் வைத்த கதவு கையால் தூக்கக் கனம். இரண்டு பேர் வெளியே தண்ணீரில் நின்று தூக்கினோம். நாற்காலி நனைந்திருந்தது, சக்கரம் சுற்றியது.

அந்தப் பையன் இப்போது சர்வீசுக்கு வண்டி கொண்டுவரும் ஒவ்வொருவரையும் பின்சீட்டுக்குள் தலையை நுழைக்கச் சொல்லி அந்த மூடியைக் காட்டுகிறான். "எல்லா வண்டிலயும் ஒரே எடத்துல இருக்காது சார், உங்களுது எங்கன்னு இப்பவே பாத்து வெச்சிக்கோங்க" என்கிறான். பாதிப் பேர் சட்டை கசங்கும் என்று மறுத்துவிடுகிறார்களாம்.