மலைத்தோட்டத்து முதியோரும் பல் மருத்துவமும்

பல் போனால் சொல் போயிற்று என்பது முதுமொழி. ஏழை முதியவர்க்கோ சோறும் போயிற்று. தேவிகுளம், பீர்மேடு, நெல்லியாம்பதி மலைகளில் உழைத்த தமிழர் வரலாறு இதற்குச் சான்று.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்தார்க்கும் மருத்துவ வசதி அளிக்குமாறு முதலாளிகளைப் பணித்தது. ஆனால் அவ்வுரிமை வேலையோடு பிணைந்திருந்தது. தோட்டத்தில் பணியாற்றும் பிள்ளைகள் இல்லாதோர், பல் உதிரும் பருவத்தில், லயத்து வீட்டோடு அதனையும் இழக்க நேர்ந்தது. 1959-இல் திருவனந்தபுரத்தில் அரசினர் பல் மருத்துவக் கல்லூரி பயிற்சியைத் தொடங்கியது. மலைக்கு அது நெடுந்தொலைவு. பணமுள்ளவர் பல் கட்டிக்கொண்டார். வறியவர் பல்லைப் பிடுங்குவதோடு நின்றார்.

பின்னாளில் கேரள அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது கடந்தோர்க்கு இலவசமாகப் பல்வரிசை வழங்கும் ‘மந்தஹாசம்’ திட்டத்தைக் கொணர்ந்தது. மந்தஹாசம் என்றால் புன்னகை. நேயர்களே, அப்புன்னகை மலையேறி வருதல் வேண்டும். அதனைத் தேடி முதியவர் மலையிறங்கும் நிலை ஒழிதல் வேண்டும்.