அந்திப் புனலும் நீதிமன்றமும்

அமெரிக்க ஓவியரான விசிலர் இலண்டனில் வாழ்ந்த காலத்தில், தேம்ஸ் நதியின் அந்தியையும் இரவையும் பொருளாகக் கொண்டு பல ஓவியங்களைத் தீட்டினார். அவற்றுள் பழைய பற்றர்சீ பாலத்தைக் காட்டும் ஓவியம் 1872க்கும் 1875க்கும் இடைப்பட்டது. இவற்றுக்கு 'நொக்ரேண்' என்னும் இசைத்துறைச் சொல்லை அவர் பெயராக இட்டமை, கதைப்பொருளைவிட உணர்வுநிலையே முதன்மையானது என்னும் அவரது கொள்கையைப் புலப்படுத்தும்.

இவ்வுணர்வுநிலை உத்தியின் விளைவேயாகும். படகிற் சென்று ஆற்றை நோக்கி மனத்திற் பதித்துக்கொண்ட அவர், ஓவியத்தைத் தமது கூடத்திலேயே தீட்டினார். நினைவு சிறு விபரங்களை உதிர்த்துவிட்டது. நீர்போல் இளக்கப்பட்ட எண்ணெய் வர்ணத்தை அகன்ற தூரிகையாற் கிடையாக இழுத்தமையால் நீரும் வானும் ஒரே நீலத்திற் கலந்தன. யப்பானிய அச்சோவியங்களின் செல்வாக்கால் பாலத்தின் ஒரு தூண் மட்டும் நெடிதுயர்ந்து நிற்கின்றது.

இவ்வரிசையைச் சேர்ந்த வாணவேடிக்கை ஓவியமொன்றுக்கு 200 கினி விலை கேட்டமையை 1877 இல் விமர்சகர் ரஸ்கின் கடுமையாகக் கண்டித்தார். விசிலர் தொடுத்த அவதூறு வழக்கு 1878 இல் விசாரிக்கப்பட்டபோது பாலத்து ஓவியமும் மன்றிற் காட்டப்பட்டது. இரு நாள் உழைப்புக்கோ இவ்விலை என வினவப்பட, வாழ்நாளில் ஈட்டிய அறிவுக்கே அவ்விலை என்றார் விசிலர். வழக்கில் வென்றும் அவர் பெற்ற இழப்பீடு ஒரு பார்திங் மட்டுமே. 1879 இல் அவர் கடனாளியாகி நொடித்துப்போனார்.

அம்மரப்பாலம் 1885 இல் இடிக்கப்பட்டது. ஓவியமோ 1905 இல் பிரித்தானிய நாட்டுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது. உழைப்பை நாட்கணக்கில் அளந்தோர் காணத் தவறியது, அவ்விரு நாட்களுக்கும் முற்பட்ட நெடும் பயிற்சியையே எனலாம்.