பீகாரில் மண் சுமந்த வெள்ளைக்காரர்கள்

1934 ஜனவரி 15 அன்று வட பீகாரைக் குலுக்கிய நிலநடுக்கம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதோடு நிற்கவில்லை. பூமியின் வெடிப்புகளில் பீறிட்ட மணல் வயல்களையும் கிணறுகளையும் தூர்த்தது. நிலமட்டம் மாறியதால் அடுத்த மழைக்கு நீர் வடியாமல் ஊர்கள் மூழ்கின. சிறையிலிருந்து வந்த கையோடு காங்கிரஸ்காரரான ராஜேந்திர பிரசாத் நிவாரணக் குழு அமைத்தார். காந்தியை ஏற்கெனவே அறிந்திருந்த பியர் செரசோல் அந்த வேலைக்குத்தான் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தார். படிப்பால் பொறியாளர், போர் எதிர்ப்புக்காகச் சிறை கண்டவர். 1920-இல் பிரான்சில், முதல் உலகப் போரின் வெர்டன் போர்க்களத்தருகே எஸ்ன் என்ற சிற்றூரில் ஜெர்மானியரையும் சேர்த்துக்கொண்டு வீடு கட்டப் போனார். நேற்றுவரை எதிரியாக இருந்தவன் கையால் வரும் உதவியை அங்கே ஊராரால் ஏற்க முடியவில்லை. சில மாதங்களில் கலைய வேண்டியதாயிற்று. நல்லெண்ணம் மட்டும் போதாது, ஊரின் சம்மதமும் வேண்டும் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை. பீகாரில் அவர் தனிக்கடை விரிக்காமல், காங்கிரஸ்காரர்களோடும் ஆங்கில அதிகாரிகளோடும் சேர்ந்தே வேலையைத் தொடங்கியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

அவரும் இங்கிலாந்து, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஒரு சில தோழர்களும் 1937 வரை முசாபர்பூர் பக்கம் தங்கி, வெள்ளம் ஏறாத மேட்டில் புதுக் குடியிருப்புகள் எழ உழைத்தார்கள். கூலியாட்களுக்குப் பஞ்சமே இல்லாத பீகாருக்கு மண் சுமக்க ஐரோப்பியர் எதற்கு, அவர்களின் கப்பல் செலவில் எத்தனை பேருக்குக் கூலி கொடுத்திருக்கலாம் என்று கேட்டால், கணக்குப்படி அந்தக் கேள்வி சரிதான். ஆனால் ஆளும் இனத்தின் தோலுடையவர்கள் கூடை தூக்கியது, சேற்றில் கால் வைப்பதை இழிவென்று எண்ணிய படித்த உள்ளூர்க்காரர்களுக்கு முன்னால் நடந்தது. உடலுழைப்பு இழிவல்ல என்று காந்தி சொல்லிவந்ததை அங்கே கண்ணால் காண முடிந்தது. அந்தப் பயனைக் கூலிக் கணக்கில் எழுத முடியாது. அதை ஊதிப் பெரிதாக்கவும் நான் தயாரில்லை, யாரும் அதனால் சாதியை விட்டுவிடவில்லை.

அந்தக் கூலிக் கணக்கைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வீடு இடிந்தது நிலநடுக்கத்தால். வறுமை அதற்கு முன்பே இருந்தது. நிலம் ஜமீன்தாரிடம் இருக்கும்வரை மேட்டில் கட்டிய வீட்டிலும் குத்தகைதாரன் கடனாளிதான். இதை அந்தத் தொண்டர்களால் தொடவே முடியாது. விருந்தாளி வீட்டுச் சொத்துத் தகராறில் தலையிட முடியுமா? நிலத்துக்கான போராட்டத்தை சுவாமி சகஜானந்த சரஸ்வதியின் கிசான் சபை என்ற விவசாயிகள் சங்கம் அதே ஆண்டுகளில், அதே மாகாணத்தில் செய்துகொண்டிருந்தது. ஆகவே வெளிநாட்டுத் தொண்டர் வறுமையை ஒழித்தார் என்பதும் வீண் வேலை செய்தார் என்பதும் ஒரே அளவுக்குத் தவறு. அவர் பேரிடரின் காயத்தை ஆற்ற உதவினார், நில உறவு அவர் கைக்கு அப்பாற்பட்டது. நாட்டை ஆள வந்தவர்களுக்கே அது எளிதாக இல்லை. 1950-இல் பீகாரில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது ஒப்புதல் தரத் தயங்கியவர் குடியரசுத் தலைவராகிவிட்டிருந்த அதே ராஜேந்திர பிரசாத். தர்பங்கா மகாராஜாவின் வழக்கில் பாட்னா உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்றது. அதைக் காப்பாற்ற 1951-இல் அரசமைப்பையே முதல் முறையாகத் திருத்த வேண்டியிருந்தது.