தளர்நடைப் பருவமும் தாயர்தம் உழைப்பும்

தவழ்ந்து திரிந்த குழந்தை ஒருநாள் சுவரைப் பற்றி எழுந்து நிற்கின்றது. மறுநாள் பற்றிய கையை விட்டு ஈரடி வைக்கின்றது. அன்றுமுதல் இல்லத்தின் அமைப்பே மாறிவிடுகின்றது. கீழே இருந்தவை மேலே செல்கின்றன. திறந்திருந்த கதவுகள் சாத்தப்படுகின்றன. பெற்றோர்க்குப் பேரின்பமும் பெருஞ்சோர்வும் ஒருங்கே வாய்க்கும் பருவம் அது. இப்பருவத்தைத் தமிழர் எவ்வாறு கண்டனர் என்பதற்குத் தொன்மையான சான்றுகள் உள.

புறநானூற்றின் 188ஆம் பாடல் பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. சிற்றடி வைத்து நடந்துவரும் குழந்தை, உணவுக் கலத்திற்குள் கையை விட்டுத் துழாவி, நெய்ச்சோற்றை மேனியெங்கும் பூசிக்கொள்ளும் காட்சியை அம்மன்னன் தீட்டுகின்றான். இத்தகைய மக்களைப் பெறாதார்க்கு வாழ்நாளின் பயனே இல்லை என்பது அவன் முடிவு. ஆயினும், சோறு பூசிய அம்மேனியைக் கழுவித் துடைத்த கைகள் எவருடையன என்பதைப் பாடல் கூறவில்லை.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் செய்த சிறுதேரை உருட்டித் திரிந்த புதல்வர், நடந்த வருத்தம் நீங்கச் செவிலியரிடம் பாலருந்தி உறங்குகின்றனர். அவரே பாடிய பட்டினப்பாலையிலும் மூன்று சக்கரச் சிறுதேர் இடம்பெறுகின்றது. குழந்தையின் களைப்பு ஈண்டுப் பதிவாகியுள்ளது. அதன் பின்னே நாள்முழுதும் அலைந்த செவிலியின் களைப்போ பதிவாகவில்லை.

அக்குறையை நீக்கியவர் பெரியாழ்வார். தளர்நடைக்கெனத் தனிப்பதிகமே பாடிய அவர், தொட்டிலில் கிடத்தினால் உதைக்கும் பிள்ளையை, இடுப்பில் எடுத்தால் இடுப்பை ஒடிக்கும் பிள்ளையைப் பற்றி, வலிமையின்றித் தாம் மெலிந்துவிட்டதாகத் தாயொருத்தி முறையிடுவதையும் பாடினார். கண்ணனேயாயினும் குழந்தை குழந்தைதான். யசோதையேயாயினும் தாய்க்கு இடுப்பு நோகத்தான் செய்யும். பின்னர்த் தோன்றிய பிள்ளைத்தமிழ் நூல்கள், பத்துப் பருவங்களுள் ஆறாவதாகிய வருகைப் பருவத்தைக் குழந்தையை நடந்துவர அழைப்பதற்கென்றே வகுத்துக்கொண்டன. சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் கால்களால் சிதைக்கும் ஆண்பிள்ளையின் குறும்பும் சிற்றிற் பருவமாக இலக்கியத் தகுதி பெற்றது.

இம்மரபுக்கு உரியோர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தபோது நிலைமை வேறாயிற்று. ஆடவரோடு பெண்டிரும் கூலிக்கு உழைத்தனர். வெயில் ஏறுமுன்னரே மரம் சீவினால்தான் பால் நன்கு வடியும். ஆதலின் இருள் பிரியுமுன்னரே பெரட்டுக்குச் செல்லவேண்டும். கைக்குழந்தையை வேலைக்காட்டில் சேலைத்தூளியில் இட்டு வேலை செய்தல் ஒருவாறு இயலும். நடக்கத் தொடங்கிய பிள்ளையைத் தூளி தாங்காது. லயத்தின் முன்னே கால்வாய், அடுக்களையில் நெருப்பு, வெளியே கிணறு. இத்தேவைக்கு விடையாக அமைந்ததே ஆயாக் கொட்டகை.

உறக்கம் கலையாத பிள்ளையைத் தோளில் சுமந்து அங்கே விட்டுச் சென்ற தாய், பாலை நிறுத்துக் கொடுத்த பின்னரே திரும்புவாள். இடையில் பல பிள்ளைகளுக்கு ஊட்டுதல், துடைத்தல், ஓடுவாரைப் பிடித்தல், அழுவாரைத் தேற்றுதல் யாவும் ஆயாவின் பணி. குழந்தையின் முதலடியைப் பெற்றவள் காணாது ஆயா காணவும் நேர்ந்தது. பெற்றவளோ மாலையில் சமையல், துவையல் ஆகியவற்றுக்கிடையே அவ்வின்பத்தைத் தேடிப் பெறவேண்டியிருந்தது. இத்தேவையைச் சட்டமும் ஏற்றது. தொழிலாளரின் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரம் குறித்து 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மலேசியச் சட்டத்தில் குழந்தைக் காப்பகத்திற்கும் விதி உண்டு.

தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. கொட்டகைகளும் மறைந்து வருகின்றன. மன்னன் பாடிய மழலை ஏட்டில் வாழ்கின்றது. ஆயாவின் உழைப்போ மூத்தோர் நினைவில் மட்டுமே வாழ்கின்றது. மாணவர்கள் தம் பாட்டியரிடம் ஒரு வினா எழுப்புதல் நன்று: “நீங்கள் மரம் சீவச் சென்றபோது, என் தாய்க்கு நடைபழக்கியவர் யார்?” அவ்விடையை எழுதி வைப்பார்களாயின், பெரியாழ்வார் தொடங்கிய பதிவு இந்நாட்டு மண்ணிலும் தொடரும்.